மாடல் ரயில் பணிமேசை: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

காரைக்குடியில் எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாங்கட்டில், முற்றத்து வெளிச்சம் வந்து விழும் இடத்தில், என் பணிமேசை இருக்கிறது. எச்.ஓ. எனப்படும் 1:87 அளவில் செய்த இன்ஜின்களும் சரக்கு வேகன்களும் இந்த மேசைக்குப் பழுதுபார்க்க வருகின்றன. பாதி என்னுடையவை, மீதி மதுரை, திருச்சி, புதுக்கோட்டை நண்பர்கள் கொண்டுவருபவை. பெட்டியைத் திறப்பதற்கு முன்பே இன்ன கோளாறாக இருக்கும் என்று சொல்லிவிடும் அளவுக்கு ஒரே பழுதுகள் மறுபடி மறுபடி வந்ததால், அவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். அந்தக் குறிப்புகளை அறிகுறி வாரியாக இங்கே தருகிறேன்.

ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும், பணம் கேட்கும் காரணம் கடைசியிலும் வருகின்றன. இந்த வரிசையைத் தாண்டிச் செல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மோட்டாரைக் கழற்றிய பிறகு, குறை தண்டவாளத்துத் தூசியில்தான் இருந்தது என்று தெரிந்துகொள்வதில் நேரம் மட்டும் வீணாவதில்லை. கழற்றாமல் விட்டிருந்தால் கெட்டிருக்காத மெல்லிய கம்பிகளும் பிளாஸ்டிக் கொக்கிகளும் அந்த அவசரத்தில்தான் உடைகின்றன.

அறிகுறி: இன்ஜின் தயங்குகிறது, அல்லது நின்றுவிடுகிறது

*விரலால் லேசாகத் தள்ளினால் மறுபடி ஓடுகிறது என்றால்*

மின்சாரம் சக்கரத்துக்குச் சரியாக வந்து சேரவில்லை. வெள்ளைப் பருத்தித் துணியை விரலில் சுற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, தண்டவாளத்தின் தலைப்பகுதியை ஒரு முழ நீளம் துடைத்துப் பாருங்கள். துணியில் கறுப்புக் கோடு விழுந்தால் காரணம் கிடைத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அந்தக் கறுப்போடு ஒரு செம்பழுப்புச் சாயலும் சேர்ந்தே வரும். சித்திரை, வைகாசிக் காற்றில் செம்மண் தூசி சன்னல் கதவை மூடினாலும் உள்ளே வந்து படிந்துவிடுகிறது. உப்புத்தாள் கொண்டு தேய்க்க வேண்டாம். அது உண்டாக்கும் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகத் தங்கும்.

அடுத்தது சக்கரங்கள். ஒரு டிஷ்யூ தாளை ஆல்கஹாலில் நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, இன்ஜினின் முன்பக்கச் சக்கரங்களைத் தாளின் மீதும் பின்பக்கச் சக்கரங்களை வெறும் தண்டவாளத்தின் மீதும் நிறுத்தி, கையால் பிடித்துக்கொண்டு ஓடவிடுங்கள். சக்கரங்கள் தாமாகவே தேய்ந்து சுத்தமாகும். பிறகு திருப்பி வைத்து மறுபக்கத்தையும் செய்யுங்கள். அதற்குப் பின்னும் தயங்கினால், சக்கரத்தின் முதுகைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய செம்புத் தகடுகளைப் பாருங்கள். அவை சக்கரத்தை விட்டு விலகியிருந்தால் இடுக்கியின் நுனியால் மயிரிழை அளவு உள்ளே வளைத்தால் போதும். அதிகம் வளைத்தால் அதுவே பிரேக் போலப் பிடிக்கும்.

*ஒரே இடத்தில் மட்டும் நிற்கிறது என்றால்*

இன்ஜினைத் தொடாதீர்கள், பாதையைப் பாருங்கள். இரண்டு தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புத் தகடு தளர்ந்திருக்கும். மல்டிமீட்டரில் மின்னழுத்தத்தைக் கண்ட்ரோலர் முனையில் ஒரு முறையும், பழுதான இடத்தில் ஒரு முறையும், இன்ஜின் ஓடும்போதே அளந்து பாருங்கள். வேறுபாடு தெளிவாகத் தெரிந்தால், ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனியாக ஒரு கம்பியைச் சால்டர் வைத்து, மேசைக்கு அடியில் ஓடும் முக்கியக் கம்பியோடு இணைத்துவிடுவதே நிலையான தீர்வு. முக்கியக் கம்பிக்கு வீட்டு வயரிங்கில் பயன்படும் 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி தாராளமாகப் போதும். நிற்கும் இடம் பாதை பிரியும் பாயிண்ட்டின் நடுவே இருக்கிறதென்றால், அங்குள்ள பிளாஸ்டிக் துண்டில் மின்சாரம் இல்லை என்பதுதான் காரணம். சிறிய இன்ஜின்கள் அதைத் தாண்ட முடியாமல் நிற்கும். மெதுவாக அல்லாமல் சற்று வேகமாகக் கடக்கச் செய்து பாருங்கள். தாண்டிவிட்டால் இன்ஜினில் குறை எதுவும் இல்லை.

*எந்த இடத்திலும் ஓடவில்லை என்றால்*

சாதாரண நேர்மின் முறையில் இயங்கும் இன்ஜினாக இருந்தால், 9 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனைகளையும் கம்பி வழியாக இரு பக்கச் சக்கரங்களிலும் நேரடியாகத் தொடுங்கள். சக்கரம் சுழன்றால் இன்ஜின் நலமாக இருக்கிறது. கோளாறு கண்ட்ரோலரிலோ கம்பியிலோ பாதையிலோதான் இருக்கிறது. டி.சி.சி. எனப்படும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில், கட்டளைகளை வாங்கி மோட்டாரை இயக்கும் டிகோடர் சில்லு பொருத்திய இன்ஜினுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதை, டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் தனியாக ஒதுக்கிய புரோகிராமிங் பாதையில் வைத்து, அதன் முகவரி எண்ணைப் படித்துப் பாருங்கள்.

*மோட்டார் சத்தம் கேட்கிறது, ஆனால் நொண்டி நொண்டிப் போகிறது என்றால்*

முதலில் அச்சுகளில் சுற்றிக்கொண்ட தலைமுடியையும் நூலையும் இடுக்கியால் எடுங்கள். பிறகு கியர்ப் பெட்டியின் அடிமூடியைத் திறந்து, கிரீஸ் மெழுகைப் போல் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். இறுகியிருந்தால் ஆல்கஹாலில் கழுவி, உலரவைத்து, பிளாஸ்டிக்கைப் பாதிக்காத எண்ணெய் என்று சீசாவிலேயே குறிப்பிட்டிருக்கும் மெல்லிய எண்ணெயை ஊசி முனையில் ஒரு துளி மட்டும் வையுங்கள். தேங்காய் எண்ணெய் விட்ட இன்ஜின்கள் இரண்டு என்னிடம் வந்திருக்கின்றன. அது 24 டிகிரிக்குக் கீழே உறையும் எண்ணெய் என்பதால், மார்கழிக் காலையில் அந்த இன்ஜின்கள் அசையவில்லை, பகலில் ஓடின. அவற்றின் சொந்தக்காரர் அதை மின்சாரக் கோளாறு என்றே நம்பியிருந்தார்.

கிரீஸும் சரி, முடியும் இல்லை, ஆனாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை 'டக்' என்ற சத்தம் வருகிறது என்றால், அச்சின் மீது இறுக்கிப் பொருத்திய பிளாஸ்டிக் கியர் பிளந்திருக்கும். பழைய இன்ஜின்களில் இது மிகப் பரவலான பழுது. நான் இதைக் கற்றுக்கொண்டது கல்லுக்கட்டிப் பக்கத்தில் கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம். புது மோட்டார் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு நுண்ணிய திருகைக் கழற்றித் தருமாறு அவரிடம் இன்ஜினைக் கொண்டுபோனேன். அவர் கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு, ஒரு ஊசியால் கியரை ஒவ்வொரு பல்லாக நகர்த்திப் பார்த்தார். "தம்பி, மோட்டாரைக் குறை சொல்லாதீங்க. இந்தப் பல்லுக்கும் அந்தப் பல்லுக்கும் நடுவுல மட்டும் இடைவெளி கூடுதலா இருக்கு, பாருங்க" என்றார். விரிசல் இருந்த இடத்தில் இரண்டு பற்களுக்கு இடைப்பட்ட தூரம் ஒரு தாளின் கனம் அளவுக்கு விரிந்திருந்தது. பிளந்த கியரைப் பசை போட்டு ஒட்ட வேண்டாம், அது நிற்காது. புதிய கியர் வாங்கி மாற்றுவதுதான் வழி, அதன் விலையும் மோட்டாரின் விலையில் சிறு பங்குதான்.

*வெளியே கொடுக்க வேண்டிய கட்டம்*

எரிந்த வாசனை வந்தாலோ, சில நிமிடங்களில் இன்ஜினின் உடல் கை பொறுக்காத சூடு ஆனாலோ உடனே நிறுத்திவிடுங்கள். டிகோடரில் கம்பி விட்டுப்போயிருந்தால், மைக்ராஸ்கோப் வைத்துச் சால்டர் செய்யும் செல்பேசி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அந்த அளவு நுண்ணிய வேலைக்கு நம் சால்டரிங் கோல் தடிமனானது. கண்ட்ரோலருக்கு மின்சாரம் தரும் அடாப்டரின் உட்பகுதியை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டில் திறக்கக் கூடாது. அதற்குள் 230 வோல்ட் இருக்கிறது.

அறிகுறி: வேகன் தடம் புரள்கிறது

ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். எல்லா வேகன்களும் ஒரே இடத்தில் புரள்கின்றனவா, அல்லது ஒரே வேகன் எல்லா இடத்திலும் புரள்கிறதா?

*எல்லாம் ஒரே இடத்தில் என்றால்*

கண்ணை மூடிக்கொண்டு விரல் நகத்தைத் தண்டவாளத்தின் உட்பக்க ஓரத்தில் இழுத்துச் செல்லுங்கள். நகம் தட்டும் இடத்தில் சக்கரமும் தட்டும். அந்த முனையை ஊசி அரத்தால் சற்றே மழுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பாதை பாம்பைப் போல வளைந்து தெரிந்தால், கோடையில் விரிவதற்கு இடைவெளி விடாமல் பாதை போட்டிருக்கிறீர்கள். நிக்கல் சில்வர் தண்டவாளம் 6 மீட்டர் நீளத்தில், 20 டிகிரி வெப்ப ஏற்றத்துக்கு, ஏறத்தாழ 2 மி.மீ. நீளும். அடியிலிருக்கும் பிளைவுட் ஐப்பசி மழையில் உப்பிக் கோடையில் சுருங்குவது அதைவிடப் பெரிய அசைவு. ஆகவே ஒவ்வொரு மீட்டருக்கும் அரை மி.மீ. இடைவெளி விடுங்கள். அதை விடுவதற்குக் கோடையைவிடக் குளிர்ந்த நாளே ஏற்றது.

*ஒரே வேகன் எங்கும் புரள்கிறது என்றால்*

சக்கர அகலத்தை முதலில் அளக்க வேண்டும். ஓர் அச்சிலுள்ள இரண்டு சக்கரங்களின் உட்பக்க முகங்களுக்கு இடையே உள்ள தூரம் 14.4 மி.மீ.யை ஒட்டி இருக்க வேண்டும். வெர்னியர் காலிப்பரின் மேல்தாடையால் இதைச் சுலபமாக அளக்கலாம். குறைந்திருந்தால் இரண்டு சக்கரங்களையும் பிடித்து, முறுக்கிக்கொண்டே சிறிது வெளியே இழுங்கள்; கூடியிருந்தால் உள்ளே தள்ளுங்கள். அச்சின் நடுவில் நிற்குமாறு இரண்டு பக்கமும் சமமாக நகர்த்துவது முக்கியம்.

அகலம் சரியாக இருந்தால், வேகனை ஒரு கண்ணாடித் துண்டின் மீது வையுங்கள். எட்டுச் சக்கரங்களும் கண்ணாடியைத் தொடவில்லை என்றால் போகிகளின், அதாவது வேகனுக்கு அடியில் நந்நான்கு சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் இரண்டு சட்டங்களின், திருகைக் கவனியுங்கள். ஒரு போகியை, அது திரும்ப மட்டுமே முடியும், பக்கவாட்டில் ஆடாது என்ற அளவுக்கு இறுக்கி, மற்றதை எல்லாப் பக்கமும் சற்று ஆடும்படி தளர்வாக விடுங்கள். முக்காலி மேடுபள்ளத்திலும் ஆடாமல் நிற்பது போல அந்த வேகன் நிற்கும். இரண்டையும் இறுக்கிவிடுவதே நான் காணும் மிகப் பரவலான தவறு.

அதற்குப் பின்னும் புரண்டால் எடை போடுங்கள். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. பரிந்துரைக்கும் கணக்கு எச்.ஓ. அளவுக்கு 1 அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். நம் கணக்கில் 28 கிராம், கூடவே ஒரு செ.மீ.க்கு ஏறத்தாழ 5.6 கிராம். நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்என் வேகனின் உண்மையான நீளம் கப்ளர் எனப்படும் இணைப்புக் கொக்கிகளின் முனைகளையும் சேர்த்து 10.7 மீட்டர், மாடலில் அது 12.3 செ.மீ. ஆகவே அது 97 கிராம் இருக்க வேண்டும். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் பல மாடல்கள் 60, 70 கிராமிலேயே நிற்கும். இந்திய வேகன்களுக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். நம் அகலப்பாதை 1676 மி.மீ.; 87ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. ஆனால் கடையில் கிடைக்கும் எச்.ஓ. பாதையின் அகலம் 1435 மி.மீ. பாதைக்கு உரிய 16.5 மி.மீ.தான். பெரிய உடல் குறுகலான காலில் நிற்பதால், குறையை ஈடுகட்டச் சேர்க்கும் எடையை முடிந்தவரை தரைத்தளத்தோடு ஒட்டி வையுங்கள். இரும்பு நட்டுகளை இரட்டைப் பக்க ஒட்டும் நாடாவில் ஒட்டினாலே போதும்.

*எடை சேர்த்த டேங்கர் வேகன் சில மாதங்களில் உப்பிப் பிளக்கிறது என்றால்*

ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையில் குழைத்து ஊற்றியிருப்பீர்கள். பசையிலிருந்து வரும் அமிலம் ஈயத்தோடு வினைபுரிந்து, வெள்ளைப் படிவாகி, இடம் போதாமல் உடலைப் பிளந்துவிடுகிறது. இதற்குத் தீர்வு கிடையாது, புதிய உடல்தான். ஈயத்தையே போட வேண்டியிருந்தால் எப்பாக்ஸியில் நிறுத்துங்கள், வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தைகள் எடுக்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

அறிகுறி: ஓடும்போது கப்ளிங் தானாகக் கழன்றுவிடுகிறது

தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து கப்ளரின் மையம் 9.9 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். கப்ளர் தயாரிக்கும் கேடி நிறுவனத்தின் உயர அளவியை ஒரு முறை வாங்கி வைத்துக்கொண்டால் ஆயுளுக்கும் உதவும். தாழ்ந்திருந்தால் போகிக்கும் உடலுக்கும் இடையே மெல்லிய வளையம் ஒன்றைச் சேருங்கள். உயரம் சரியாக இருந்தும் கழன்றால், கப்ளர் தன் பெட்டிக்குள் தாராளமாக இடமும் வலமும் அசைகிறதா என்று பாருங்கள். அங்கே எண்ணெய் விடவே கூடாது. மென்மையான பென்சிலைச் சுரண்டிய கிராஃபைட் தூளே போதும். கீழே தொங்கும் கம்பி பாயிண்ட்டில் இடிக்கிறதா என்பதையும் மறவாமல் பாருங்கள்.

அறிகுறி: மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்த வேகன் வெள்ளையாகப் பனி படர்ந்தது போல் ஆகிவிட்டது

வெதரிங் என்று நாங்கள் சொல்லும் பழமையேற்றும் வேலையில் மனம் உடைய வைக்கும் பழுது இதுதான். மூன்று நாள் பொறுமையாகத் துருவும் அழுக்கும் ஏற்றிய வேகன் கடைசிப் பூச்சில் வெளுத்துப் போகும்போது ஏற்படும் வேதனை எனக்குத் தெரியும். ஆனால் பெரும்பாலும் அது மீட்கக்கூடிய பழுது என்பதால், கழுவித் தள்ளிவிட வேண்டாம்.

*மழை நாளில் ஸ்ப்ரே அடித்திருந்தால்*

கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மீது படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வீட்டில் இது தவறாமல் நடக்கும். வேகனை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு நாள் வையுங்கள். பிறகு நன்றாக வெயில் ஏறிய ஒரு பகலில், அதே வார்னிஷை மிக மெல்லிய ஒரு பூச்சாக மறுபடி அடியுங்கள். பழைய பூச்சு சற்று இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டிய நாளில் ஸ்ப்ரே டப்பாவைக் கையில் எடுப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

*வார்னிஷுக்கு மேல் ஆல்கஹால் கலந்த கறுப்பு மை பூசிய பிறகு வெளுத்தால்*

இது வானிலையால் வந்ததன்று. லாக்கர் வகை மேட் பூச்சும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் சேர்ந்தால் வெள்ளை பூக்கும். மேலே இன்னொரு முறை மேட் பூச்சு அடித்தால் அது மறையும். சிலர் இந்த வெளுப்பையே வெயிலில் மங்கிய பெயிண்ட்டாகக் காட்டப் பயன்படுத்துகிறார்கள். எனக்கும் அது பிடித்த உத்திதான்.

*புள்ளி புள்ளியாக வெள்ளை இருந்தால்*

சீசாவை நன்றாகக் கலக்காததால் அடியில் தங்கிய தூள் கட்டியாக வந்திருக்கலாம். இல்லையென்றால் நீங்கள் கலந்த தண்ணீர்தான் காரணம். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் அக்ரிலிக் வண்ணத்தைக் கரைத்தபோது, உலர்ந்த பிறகு உப்பு வளையங்கள் நின்றன. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரை வாங்கி வந்த நாளிலிருந்து அந்தத் தொல்லை இல்லை.

அறிகுறி: துரு துருவைப் போல இல்லை

*எல்லா இடத்திலும் ஒரே ஆரஞ்சு நிறமாக இருந்தால்*

புதிய துரு மட்டுமே ஆரஞ்சு. பழைய துரு ஏறத்தாழ கறுப்பை ஒட்டிய அடர்பழுப்பு. முதலில் அடர்பழுப்பைக் கிழிந்த ஸ்பஞ்சுத் துண்டால் ஒற்றி ஒற்றி வையுங்கள். அதன் நடுவே, அதைவிடச் சிறிய இடத்தில் மட்டும், ஆரஞ்சை ஊசி முனையளவு வையுங்கள். கோடுகள் ரிவெட்டுகளிலிருந்தும் கதவு கீல்களிலிருந்தும் நேர்கீழாக இறங்க வேண்டும். 1953இல் தொடங்கிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில்தான் இருக்கிறது. உலோக அரிப்பையே ஆராயும் அறிஞர்கள் வாழும் ஊரில் இருந்துகொண்டு துருவைக் கவனிக்காமல் வண்ணம் பூசுவது எனக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டுச் சன்னல் கம்பியில், மழைநீர் வடியும் பக்கத்தையும் வடியாத பக்கத்தையும் ஒரு நிமிடம் ஒப்பிட்டுப் பாருங்கள். நீர் தங்கும் மூட்டுகளில் துரு கெட்டியாகவும், கீழே வர வர நீர்த்தும் இருக்கும்.

*தூவிய வண்ணத்தூள் வார்னிஷ் அடித்ததும் மறைந்துவிட்டால்*

ஈரம் பட்டதும் தூளின் நிறம் அடங்குவது இயல்பு. தேவைக்கு மேல் இரண்டு மடங்கு தூவி, ஆல்கஹாலை ஓரத்தில் தொட்டு ஓடவிட்டு நிலைநிறுத்துங்கள். உலர்ந்த பிறகு மறுபடி ஒரு சுற்று தூவுங்கள். காட்சிக்கு மட்டும் வைக்கும் வேகன் என்றால் வார்னிஷே வேண்டாம்.

*நம் ஊர்ச் செம்மண்ணைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால்*

கடையில் விற்கும் எந்தத் தூளையும்விட எனக்கு இதுவே பிடிக்கிறது. செட்டிநாடு ஸ்டேஷனைத் தாண்டி ஓடும் வண்டியின் அடிச்சட்டத்தில் படிவது இந்த மண்தான் என்பதால், நிறம் பொய் சொல்லாது. செம்பூராங்கல் உதிரும் மேட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, அம்மியில் அரைத்து, மல் துணியில் சலித்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு படியை மட்டும் தவறவிடவே கூடாது. சலித்த மண்ணை வெள்ளைத் தாளில் பரப்பி, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த காந்தத்தை அதன் மீது மெதுவாக ஓட்டுங்கள். முதல் முறை நான் செய்தபோது உறையின் அடியில் கறுப்புத் தூள் மீசையைப் போல நின்றது. அந்த இரும்புத் துகள்களை மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொண்டால் மோட்டார் சிக்கிக் கெடும். உறையை வெளியே உதறி, துகள் ஒட்டாத வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். மேலும், உண்மையான மண்ணின் நிறம் 87 மடங்கு சிறிய வண்டியில் அழுத்தமாகத் தெரியும்; சிறிது முகப்பவுடர் கலந்து வெளிறச் செய்தால் கண்ணுக்குச் சரியாக இருக்கும். இன்ஜின் மீது இந்தத் தூளைப் பயன்படுத்தினால் பூச்சு அடித்து முத்திரையிட்ட பிறகே பாதையில் வையுங்கள்.

அறிகுறி: ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயிண்ட் தெளிக்கும் கருவி) துப்புகிறது, அல்லது பெயிண்ட் உப்புத்தாள் போல் சொரசொரப்பாகிறது

*சொரசொரப்பு என்றால்*

பெயிண்ட் வேகனைச் சேர்வதற்கு முன்பே காற்றில் உலர்ந்துவிட்டது. கோடையில் இங்கே நண்பகலில் அக்ரிலிக் அடிப்பது வீண் வேலை. காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் சில துளிகள் சேருங்கள், தூரத்தைக் குறையுங்கள், அழுத்தத்தை 15 முதல் 20 பி.எஸ்.ஐ.க்குள் வையுங்கள்.

*விட்டு விட்டுத் துப்பினால்*

ஊசி முனையில் உலர்ந்த பெயிண்ட் பொட்டாக நிற்கும். ஆல்கஹாலில் நனைத்த பிரஷ்ஷால் துடையுங்கள். பெயிண்ட் கிண்ணத்தில் குமிழி வந்தால் நாசில் சரியாக உட்காரவில்லை, அல்லது அடைத்திருக்கிறது. நாசிலை ஆல்கஹாலில் ஊறவைத்து, மென்மையான நாரால் சுத்தம் செய்யுங்கள். குண்டூசியை உள்ளே விட்டால் 0.3 மி.மீ. வாய் விரிந்து, புது நாசில் வாங்க வேண்டிவரும்.

*நீர்த்துளிகள் சிதறினால்*

கம்ப்ரஸர் டேங்க்கில் மழைக்காலத்து ஈரம் சேர்ந்திருக்கிறது. அடியிலுள்ள திருகைத் திறந்து வடித்துவிடுங்கள்; குழாயில் ஈரப்பொறி இல்லையென்றால் ஒன்று பொருத்துங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னரைக் கிண்ணம் கழுவ மட்டும் பயன்படுத்துங்கள். அது வேகனின் பாலிஸ்டைரின் உடலைக் கரைத்துவிடும்.

சிறிய அறிகுறிகள் சில

வேகனில் ஒட்டும் மெல்லிய எழுத்துப் படலமான டீக்காலைச் சுற்றி வெள்ளி போல மினுங்கினால், மேட் பரப்பின் மீது ஒட்டியிருக்கிறீர்கள். உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. ஊசியால் பல இடத்தில் குத்தி, டீக்காலை இளக்கும் திரவத்தைத் தடவி, இரவு முழுவதும் விடுங்கள். அடுத்த முறை பளபளப்பான கிளியர் அடித்த பிறகு ஒட்டுங்கள்.

சூப்பர் குளூ ஒட்டிய இடத்தைச் சுற்றிக் கண்ணாடி மூட்டமானால், மூடிய டப்பாவுக்குள் ஆவி படிந்திருக்கிறது. மெல்லிய துணியில் ஒரு துளி எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். சன்னல்களுக்கு வெள்ளைப் பசையே ஏற்றது.

அறிகுறி: தேவைப்படும் பொருள் தேவைப்படும் நேரத்தில் கிடைப்பதில்லை

இதையும் பழுதாகவே எண்ணுகிறேன், ஏனென்றால் பாதி வேலை இதனால்தான் கெடுகிறது.

*ஸ்பிரிங் தெறித்துக் காணாமல் போனால்*

ஆத்தங்குடித் தரையில் பூவும் கொடியும் நிறைந்த கோலத்தின் நடுவே, 3 மி.மீ. செம்பு ஸ்பிரிங்கைத் தேடிப் பாருங்கள். கண் வலிக்கும், கிடைக்காது. கப்ளர் பெட்டியைத் திறக்கும் முன் மேசைக்கடியில் ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரியுங்கள். ஸ்பிரிங்கின் நடுவே ஒரு தையல் நூலைக் கோத்துக்கொண்டு பொருத்துங்கள். தெறித்தாலும் நூலோடு நிற்கும். விழுந்துவிட்டால் டார்ச்சைத் தரையோடு தரையாகக் கிடத்தி வெளிச்சம் காட்டுங்கள், நிழல் நீளமாக விழும்.

*திருகுகள் கலந்துபோனால்*

அப்பத்தா பயன்படுத்திய எவர்சில்வர் அஞ்சறைப்பெட்டி ஒன்று என் மேசையில் இருக்கிறது. ஒவ்வொரு கிண்ணத்திலும் ஓர் அளவுத் திருகு. நடுக் கிண்ணத்தில் அன்றைக்குக் கழற்றியவை. எடுத்த வேலை முடியும் வரை நடுக் கிண்ணத்தில் வேறு எதையும் போடுவதில்லை. கொட்டான்கள் அழகானவைதான், ஆனால் ஓலையின் இடுக்கில் சிறு பொருள்கள் சிக்கிக்கொள்வதால் அவற்றில் தண்டவாளத் துண்டுகளை மட்டும் வைக்கிறேன்.

*பெயிண்ட்டும் பசையும் இறுகிப்போனால்*

மூடியின் மரையில் உலர்ந்த பெயிண்ட்டைச் சுரண்டுங்கள். மூடி இறுகாததுதான் காரணம். சூப்பர் குளூவைச் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஸ்ப்ரே டப்பாக்களை மொட்டைமாடிக் கொட்டகையில் வைக்கவே கூடாது. 50 டிகிரிக்கு மேல் சூடேறக் கூடாது என்று அவற்றின் மீதே எழுதியிருக்கிறது. கோடையில் தகரக் கூரையின் அடியில் அந்தச் சூடு எட்டிவிடும்.

பிறரிடம் ஒப்படைக்கும்போது

பித்தளை இன்ஜினின் மூட்டு விட்டிருந்தால், வெள்ளிப் பற்று வைக்கத் தெரிந்த நகை ஆசாரியிடம் கொண்டுபோகலாம். முதலில் ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அதிக வெப்பத்தில் பக்கத்து மூட்டுகளும் இளகிவிடும். கம்ப்ரஸரின் பாதுகாப்பு வால்வு சீறினாலோ, அழுத்தமானி பூச்சியத்துக்குத் திரும்பாமல் நின்றாலோ, பிளக்கைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

யாரிடம் கொடுத்தாலும் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று விவரங்களை எழுதி வேகனோடு வையுங்கள்: எப்போது முதல் இந்தக் கோளாறு, நீங்கள் என்னென்ன சோதனைகளைச் செய்தீர்கள், எந்தத் திருகை எத்தனை சுற்று திருப்பினீர்கள். பெட்டிக்குள் மாடலின் உடல் நேரடியாகச் செய்தித்தாளில் படாதபடி, மை ஒட்டாத வெள்ளைத் துணியில் சுற்றி அனுப்புங்கள். சக்கரங்கள் மேல்நோக்கி இருக்கட்டும்.